கடனாளி அதிபர்களும் ரொக்க ராஜாக்களும்

1789 மார்ச் 4ஆம் தேதி அமெரிக்காவின் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் அதிபர் இவர்தான் என்று நாடே முடிவு கட்டி வைத்திருந்த ஜார்ஜ் வாஷிங்டன் அன்றைக்கு உட்கார்ந்து எழுதியது ஒரு கடன் கடிதம். அலெக்சாண்ட்ரியாவில் இருந்த ரிச்சர்டு கான்வே என்பவரிடம் 500 பவுண்டு கேட்டார். விளைச்சல் சரியில்லை, வேறு சில காரணங்களும் சேர்ந்துகொண்டன, இந்த இரண்டு வருஷமாகத்தான் பண முடை என்றால் என்னவென்று தெரிகிறது என்று கொஞ்சம் கூச்சத்தோடு விளக்கம் வேறு. இரண்டு நாள் கழித்து இன்னொரு கடிதம்: நியூயார்க் போக வேண்டி வந்தால் வழிச்செலவுக்கு இன்னும் 100 பவுண்டு கிடைக்குமா? ஏப்ரல் 30 அன்று வால் ஸ்ட்ரீட்டில் ஒரு மாடத்தில் நின்று பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்ட மனிதர், வழிச்செலவுக்குக் கடன் கேட்டுவிட்டுத்தான் அங்கே வந்து சேர்ந்தார்.

அமெரிக்காவின் ஆரம்பகால அதிபர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அலுக்காத விஷயம் இந்தக் கடன்தான். சுதந்திரம், அரசியல் சட்டம், தத்துவம் எல்லாம் பெரிய பேச்சு, சரி. ஆனால் அதற்குப் பின்னால் ஒவ்வொருத்தர் வீட்டிலும் கடன்காரன் வாசலில் நிற்கிறான். நூறு வருஷம் கழித்துப் பார்த்தால் நாட்டின் கஜானா காலியாகி, ஒரு வங்கி முதலாளி வெள்ளை மாளிகைக்குள் வந்து உட்கார்ந்து, இன்றைக்கு மூணு மணிக்குள் உங்கள் அரசாங்கம் திவால் என்று அதிபர் முகத்துக்கு நேரே சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். முன்னவர்கள் யோக்கியர்கள், பின்னவர்கள் திருடர்கள் என்று சுருக்கிச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. முன்னவர்களிடம் இருந்தது நகராத சொத்து. பின்னவர்கள் நகரும் சொத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து கதையே அதுதான்.

வாஷிங்டனையே எடுத்துக்கொள்வோம். ஏழையா என்றால், இல்லவே இல்லை. அவரிடம் 50,000 ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. பெரும்பகுதி மேற்கே காடும் மேடுமாக, குத்தகைக்காரர்கள் பணம் கட்டாமல் இழுத்தடிக்கும் நிலம். விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. வாங்குகிறவன் கையிலும் ரொக்கமில்லை. மவுண்ட் வெர்னன் பண்ணையில் 1799ஆம் ஆண்டு கணக்குப்படி 317 அடிமைகள். அதில் 123 பேர் அவருக்குச் சொந்தம். மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் சொத்து வழியாக வந்தவர்கள். இத்தனை பேரின் கூலியில்லாத உழைப்பும் இவ்வளவு நிலமும் இருந்தும் கைச்செலவுக்குத் திண்டாட்டம். ஒரு நல்ல யோசனை அவருக்குக் கடைசிக் காலத்தில்தான் வாய்த்தது. அதுவும் அவருடையதில்லை, பண்ணை மேலாளராக வந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது: விஸ்கி காய்ச்சலாம். 1799இல் அந்தச் சாராய ஆலை ஏறத்தாழ 11,000 காலன் காய்ச்சியது. தேசப்பிதா நாட்டின் பெரிய சாராய உற்பத்தியாளர்களில் ஒருவராக இருந்தார் என்பதைப் பள்ளிப் பாடப் புத்தகங்கள் அவ்வளவு விரும்பிச் சொல்வதில்லை.

இதே நிலப் பித்துதான் அன்றைய பெரிய வியாபாரியையும் கவிழ்த்தது. புரட்சிப் போருக்குப் பணம் புரட்டிக் கொடுத்த ராபர்ட் மோரிஸ், பிலடெல்பியாவில் தன் சொந்த வீட்டையே அதிபர் குடியிருக்கக் கொடுத்தவர். மேற்கே நிலம் நிச்சயம் விலை ஏறும் என்று கோடிக்கணக்கான ஏக்கர் கனவில், கடன் பத்திரத்துக்கு மேல் கடன் பத்திரம் எழுதி லட்சக்கணக்கில் வாங்கிக் குவித்தார். விலை ஏறவில்லை, கெடு மட்டும் வந்தது. 1798இல் கடன்காரர் சிறைக்குப் போனார். அந்த வருஷம் பிலடெல்பியாவுக்கு வந்த வாஷிங்டன், சிறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். தான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரைச் சிறையில் போய்ப் பார்த்த அதிபர் வேறு யாராவது உண்டா, எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தலைமுறையில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது ஒரு பெண்மணி. இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸ் எந்நேரமும் பக்கத்து நிலத்தை வாங்கிப்போடு என்று வீட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார். மனைவி அபிகேல் சத்தமில்லாமல் அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கிச் சேர்த்தார். திருமணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்காத காலம் அது. நிலம் தந்ததைவிடப் பத்திரங்கள் நன்றாகவே தந்தன. ஆடம்ஸ் குடும்பம் கடனில் மூழ்காமல் தப்பியதற்கு அந்தம்மாவுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும், கணவருக்கு இல்லை.

தாமஸ் ஜெஃபர்சன் கதை வேறு மாதிரி. மாமனார் ஜான் வேல்ஸ் விட்டுப்போன கடனில் ஆரம்பித்தது. அப்புறம் மலைமேல் கட்டி, இடித்து, திரும்பக் கட்டிய வீடு. பிரெஞ்சு ஒயின். புத்தகம். ஓய்வு பெற்ற பிறகும் ஓயாத விருந்தாளிகள். 1815இல் தன் நூலகத்தையே நாடாளுமன்றத்துக்கு விற்றார், 6,487 தொகுதிகள், 23,950 டாலர். அந்தப் பணம் கடன்காரர்களுக்குப் போனது. உடனே மறுபடியும் புத்தகம் வாங்க ஆரம்பித்துவிட்டார், அது வேற விஷயம். ஆனால் அவரை நிஜமாகவே சாய்த்தது ஒரு ஜாமீன் கையெழுத்து. வில்சன் கேரி நிக்கலஸ் என்பவர் பேரனுடைய மாமனார், வர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர், பெரிய இடம். 20,000 டாலர் புரோநோட்டுக்கு ஜாமீன் போடச் சொல்லி 1818இல் கேட்டார். சம்பந்தி முறை, எப்படி மறுப்பது? போட்டார். மறு வருஷமே நாடு முழுக்க நிதி நெருக்கடி வந்தது, நிக்கலஸ் திவாலானார், 1820இல் இறந்தும் போனார். வட்டி மட்டும் வருஷத்துக்கு 1,200 டாலர் இந்தக் கிழவர் தலையில் விழுந்தது. கடைசியில் சொத்தை லாட்டரியில் விடுவதற்குக்கூட வர்ஜீனியா சட்டமன்றத்திடம் அனுமதி கேட்டு நின்றார். 1826 ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளில் இறந்தபோது கடன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது.

அந்தக் கடனை யார் அடைத்தார்கள் என்பதுதான் முக்கியம். 1827 ஜனவரியில், அந்த மலைமேல் வீடு இருந்த மாண்டிசெல்லோவில் நடந்த ஏலத்தில் 130 அடிமைகள் பட்டியலில் இருந்தார்கள். ஜோசப் ஃபாசெட் என்ற கொல்லரை ஜெஃபர்சன் உயிலில் விடுதலை செய்திருந்தார். அவர் மனைவி ஈடித், வெள்ளை மாளிகை அடுப்படியில் பழகிய சமையல்காரி. அவரையும் பிள்ளைகளையும் விடுதலை செய்யவில்லை. தன் குடும்பத்தைத் துண்டு துண்டாக வெவ்வேறு ஆட்களுக்கு ஏலம் போட்டு விற்பதை ஃபாசெட் பார்த்துக்கொண்டு நின்றார். உயில்படி அவர் விடுதலை நடைமுறைக்கு வரவே இன்னும் சில மாதம் பாக்கி. பிறகு கொல்லுப்பட்டறையில் உழைத்துச் சம்பாதித்து, மனைவியையும் சில பிள்ளைகளையும் ஒவ்வொருவராக விலைகொடுத்து மீட்டார். மகன் பீட்டருக்கு ஏலத்தின்போது 11 வயது. அவன் விடுதலையாகப் பல வருஷங்கள் பிடித்தன. ஜெஃபர்சனுடைய ஒயின் பட்டியலை ரசித்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுதினால் கணக்கு நேராகும். நகராத சொத்து என்றேனே, அதில் நகர்த்தி விற்கக்கூடியதாக அவர்கள் வைத்திருந்தது மனிதர்களை மட்டும்தான்.

நாலாவது அதிபர் மாடிசனும் இதே ரகம்தான். அவர் போனபின் மனைவி டாலி, கணவரின் குறிப்புகளை 1837இல் நாடாளுமன்றத்துக்கு 30,000 டாலருக்கு விற்றார். முதல் திருமணத்து மகனின் சூதாட்டக் கடன் அதை விழுங்கியது. அந்தம்மா கடைசிக் காலத்தில் சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டபோது, முன்பு அவரிடமே அடிமையாக இருந்து விடுதலையான பால் ஜென்னிங்ஸ் தன் பையிலிருந்து சில்லறை எடுத்துக் கொடுத்ததாக எழுதி வைத்திருக்கிறார். ஐந்தாவது அதிபர் மன்றோ நிலத்தை விற்று, அரசாங்கம் எனக்குத் தரவேண்டிய பாக்கி என்று வருஷக்கணக்கில் மனுப்போட்டு, நியூயார்க்கில் மகள் வீட்டில் 1831இல் இறந்தார். அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர்.

இங்கேதான் அடுத்த ஜாதி மனிதர்கள் வருகிறார்கள்.

ஆஸ்டர் ஜெர்மனியில் வால்டார்ஃப் என்ற ஊரில் கசாப்புக்காரர் மகனாகப் பிறந்தவர். நியூயார்க்கில் தோல் வியாபாரத்தில் ஆரம்பித்து, நீர்நாய் தோலைச் சீனாவுக்கு அனுப்பி, தேயிலையும் பட்டும் கொண்டுவந்து விற்று, அபினியையும் விட்டுவைக்காமல், லாபத்தை மன்ஹாட்டனில் மனையாகப் போட்டார். அவரும் நிலம் வாங்கினவர்தானே என்று கேட்கலாம். வாங்கினார், ஆனால் ஊர் எந்தப் பக்கம் வளர்கிறதோ அந்தப் பக்கம், அதுவும் வியாபாரத்தில் வந்த ரொக்கத்தைக் கொடுத்து. விற்காமல் குத்தகைக்கு விட்டு வாடகை வசூலித்தார். வர்ஜீனியாக்காரர்கள் கடனை வாங்கி நிலத்தில் போட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் முழு வித்தியாசமும் அதுதான். 1848இல் இறந்தபோது சொத்து ஏறக்குறைய 2 கோடி டாலர், அன்றைக்கு அமெரிக்காவிலேயே பெரிய பணக்காரர்.

1813இல் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, தேசிய வங்கியின் உரிமத்தைப் புதுப்பிக்கலாமா என்று செனட்டில் வாக்கெடுப்பு நடந்தது. 17க்கு 17. துணை அதிபர் ஜார்ஜ் கிளின்டன் வேண்டாம் என்று தன் வாக்கைப் போட, வங்கி மூடப்பட்டது. அந்தப் பளிங்குத் தூண் கட்டடத்தை பிலடெல்பியாவின் கப்பல் முதலாளி ஸ்டீபன் ஜிரார்டு வாங்கி, அதிலேயே தன் பெயரில் சொந்த வங்கி திறந்தார். ஒற்றைக் கண் மனிதர், போர்டோவில் பிறந்த பிரெஞ்சுக்காரர். மஞ்சள் காய்ச்சலில் ஊரே செத்துக்கொண்டிருந்த 1793இல் பணக்காரர்கள் எல்லாம் ஓடிப்போக, இவர் புஷ் ஹில் ஆஸ்பத்திரியில் நின்று நோயாளிகளைக் கவனித்தவர். சரி, தேசிய வங்கியை மூடியாச்சு. 1812இல் பிரிட்டனோடு போர். போருக்குப் பணம் வேண்டும், கடன் கொடுக்க வங்கி கிடையாது. நிதிச் செயலர் கலட்டின் 1.6 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டார். பொதுமக்கள் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் ஏறக்குறைய 1 கோடியை மூன்றே பேர் எடுத்துக்கொண்டார்கள்: ஆஸ்டர், ஜிரார்டு, டேவிட் பாரிஷ். சும்மா இல்லை, 100 டாலர் பத்திரம் 88 டாலருக்கு. மூன்று பேரும் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பேரம் பேசிய கலட்டினும் ஜெனீவாவில் பிறந்தவர். சுதந்திர அமெரிக்காவின் இரண்டாவது சுதந்திரப் போர் என்று பெருமையாகச் சொல்லும் சண்டைக்கு வந்தேறிகள் நாலு பேர் கூடிப் பணம் ஏற்பாடு செய்தார்கள்.

1822இல், மன்றோ ஆட்சியில், இந்தியப் பழங்குடிகளோடு தோல் வியாபாரம் செய்ய அரசாங்கமே நடத்திவந்த கிடங்குகளை நாடாளுமன்றம் மூடியது. ஆஸ்டர் கம்பெனிக்கு இருந்த பெரிய போட்டி ஒழிந்தது. மன்றோ வாங்கிய கடனுக்கும் இதற்கும் முடிச்சுப்போட எனக்கு ஆதாரம் போதாது, போடவும் மாட்டேன். ஆனால் கடன்பட்ட அதிபரும் கடன்கொடுத்த வியாபாரியும் இருக்கும் ஊரில் முடிச்சுப்போட வேண்டிய அவசியமே பல நேரம் இருப்பதில்லை.

ஆண்ட்ரூ ஜாக்சன் விஷயத்தில் கடன் கோபமாக மாறியது. 1795இல் டென்னசியிலிருந்து பிலடெல்பியா போய் டேவிட் ஆலிசன் என்பவருக்கு நிலம் விற்றார். கிடைத்தது ரொக்கமில்லை, புரோநோட்டு. அதன் பின்னால் தன் கையெழுத்தைப் போட்டு, அதையே கொடுத்துக் கடைக்குச் சரக்கு வாங்கினார். ஆலிசன் திவாலாகிக் கடன்காரர் சிறையிலேயே இறந்தார். பாக்கி முழுக்க ஜாக்சன் தலையில். அதை அடைக்கப் பல வருஷங்கள் ஆயின. அந்த ஆள் அதிபராகும்போது எதிரே இரண்டாவது தேசிய வங்கி இருக்கிறது, அதன் தலைவர் நிக்கலஸ் பிடில் இருக்கிறார், படித்த, மிடுக்கான பிலடெல்பியாக்காரர். என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும். 1832 ஜூலையில் உரிமம் புதுப்பிக்கும் மசோதாவை ஜாக்சன் நிராகரித்தார். வங்கி என்னைக் கொல்லப் பார்க்கிறது, நான் அதைக் கொல்வேன் என்று, தனக்கு அடுத்து அதிபராகப்போகிற வான் பியூரனிடம் சொன்னார்.

ஜாக்சன் வங்கியைக் கொன்றது சரியா தவறா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். என் கட்சி இது: வைத்தியம் மோசம், ஆனால் நோய் நிஜம். டேனியல் வெப்ஸ்டர் செனட்டில் வங்கிக்காக முழங்கிய பெரிய பேச்சாளர். 1833 டிசம்பரில் பிடிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். எனக்கு வழக்கமாக வரும் வக்கீல் கட்டணம் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை போலிருக்கிறது, உறவு தொடர வேண்டுமானால் அனுப்பி வைப்பது நல்லது என்று. லஞ்சம் கேட்டதாக ஒரு வார்த்தை கிடையாது. கட்டணம், அவ்வளவுதான். இப்படி நாசூக்காகக் கேட்பதற்கும் ஒரு படிப்பு வேண்டும். ஜாக்சன் 1835இல் அரசாங்கக் கடனை ஒரு பைசா பாக்கியில்லாமல் அடைத்தார், அமெரிக்க வரலாற்றில் அந்த ஒரே ஒரு முறைதான். இரண்டே வருஷத்தில் 1837இன் பெரும் நெருக்கடி வந்து வான் பியூரன் தலையில் விடிந்தது. தனிப்பட்ட முறையில் ஜாக்சன்? வளர்ப்பு மகனுடைய கடன்களை அடைக்க நண்பர்களிடம் கடன் வாங்கி, கடனாளியாகவே 1845இல் இறந்தார். காகிதப் பணத்தை அவ்வளவு வெறுத்த மனிதர் முகத்தைத்தான் 20 டாலர் காகிதத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

நடுவில் வரும் அதிபர்களைத் தாண்டிப் போகிறேன், இந்தக் கதைக்கு அவர்களால் பெரிய உபயோகமில்லை. லிங்கன் ஒரு வித்தியாசம். ரயில்வே வக்கீல். தன் கட்சிக்காரரான இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே கட்டணத்தைக் கொடுக்க முரண்டு பிடித்தபோது அதன் மேலேயே வழக்குப்போட்டு 5,000 டாலர் வாங்கியவர். பண விஷயத்தில் கெட்டிக்காரர். ஆனால் அவரையும் ரயில்காரர்கள் ஏமாற்றினார்கள். கண்டம் தாண்டும் ரயில் பாதைக்கு 1862இல் அவர் கையெழுத்திட்ட சட்டத்தில், சமதளத்தில் மைலுக்கு 16,000 டாலர் கடன், மலையில் 48,000 டாலர். அப்போ மலை எங்கே ஆரம்பிக்கிறது? சேக்ரமெண்டோவிலிருந்து 7 மைலில், தட்டையான தரையில் ஓடும் ஆர்கேடு ஓடையில்தான் சியரா நெவாடா மலை ஆரம்பிக்கிறது, மண்ணைப் பாருங்கள், மலை மண் என்று நிபுணர் சான்றிதழோடு வந்து நின்றார்கள். லிங்கன் ஒத்துக்கொண்டார். மலை மைல் கணக்காக மேற்கே நகர்ந்து வந்தது, மைலுக்கு மும்மடங்கு பணமும் வந்தது.

கிராண்ட் காலத்துக்கு வந்தால்தான் இரண்டு ஜாதியும் நேருக்கு நேர் மோதுவதைப் பார்க்கலாம். உள்நாட்டுப் போரை வென்ற தளபதி, பண விஷயத்தில் பச்சைக் குழந்தை. எதிரில் வால் ஸ்ட்ரீட் சூதாடி ஜே கூல்டு, தாடியும் மெலிந்த உடம்புமாக அதிகம் பேசாத மனிதர். கூடவே ஜிம் ஃபிஸ்க், வைர ஊசி குத்திய சட்டையும் பெருஞ்சிரிப்புமாக அதற்கு நேரெதிர். போர்க்காலத்தில் அச்சடித்த காகித டாலரும் தங்க டாலரும் தனித்தனி விலையில் ஓடிய நேரம் அது. 100 டாலர் தங்கத்துக்கு 130 சொச்சம் காகித டாலர் கொடுக்கவேண்டும். சந்தையில் புழங்கிய தங்கம் அதிகமில்லை. அரசாங்கக் கஜானா அவ்வப்போது தன் தங்கத்தை விற்றதால்தான் விலை கட்டுக்குள் இருந்தது. கஜானாவை மட்டும் விற்காமல் நிறுத்திவைத்தால் மிச்சத்தை வளைத்துப்போட்டுவிடலாம். கூல்டு கணக்கு இவ்வளவுதான்.

அதற்கு அதிபரிடம் போக ஒரு வழி வேண்டும். கிராண்டின் தங்கை வெர்ஜீனியாவை அப்போதுதான் மணந்திருந்த ஏபெல் கார்பின் கிடைத்தார். மாப்பிள்ளை மனைவி பெயரைச் சொல்லி, கைக்காசு போடாமல் 15 லட்சம் டாலர் தங்கத்தைத் தன் கணக்கில் வாங்கி வைக்கச் சொன்னார். விலை ஒவ்வொரு டாலர் ஏறும்போதும் வீட்டில் 15,000 டாலர். நியூயார்க்கில் கஜானாவின் கிளையைப் பார்த்துக்கொள்ள இவர்களுக்குப் பிடித்த ஆளாக டேனியல் பட்டர்ஃபீல்டு அமர்த்தப்பட்டார், அவருக்கும் 10,000 டாலர் போனது. 1869 ஜூனில் கிராண்டை ஃபிஸ்கின் நீராவிக் கப்பலில் ஏற்றி விருந்து வைத்து, தங்கம் விலை ஏறினால் மேற்கத்திய விவசாயிக்கு நல்லது என்று பாடம் நடத்தினார்கள். கிராண்ட் சுருட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார், பிடி கொடுக்கவில்லை.

செப்டம்பரில் அவசரப்பட்டுவிட்டார்கள். கிராண்ட் அப்போது பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் மனைவி வழி உறவினர் வீட்டில் இருந்தார். கார்பின் எழுதிய நீண்ட கடிதத்தை ஃபிஸ்கின் ஆள் ஒருவர் ரயிலிலும் பிறகு குதிரை வண்டியிலும் இரவெல்லாம் பயணம் செய்து கொண்டுபோனார். கிராண்ட் புல்வெளியில் க்ரோக்கே விளையாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து வந்து படித்தார், பதில் இல்லை என்று அனுப்பிவிட்டார். அந்த ஆள் தபால்காரர் இல்லை, இதற்கென்றே நியூயார்க்கிலிருந்து வந்தவர் என்று பிறகுதான் புரிந்தது, சந்தேகமும் வந்தது. தங்கத்தை விற்காதே என்று சொல்ல ஒரு தங்கை வீட்டுக்காரர் ஏன் தனி ஆள் அனுப்பவேண்டும்? கிராண்ட் நேராக எழுதவில்லை. பக்கத்தில் நாத்தனாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த மனைவி ஜூலியாவிடம், உன் வீட்டுக்காரர் சூதாட்டத்தை உடனே விடச் சொல் என்று சேர்த்து எழுதச் சொன்னார். ஒரு தேசத்தின் தங்கச் சந்தையைக் கவிழ்த்தது ஒரு நாத்தனார் கடிதம்.

அந்தக் கடிதத்தைக் கார்பின் நடுங்கிக்கொண்டே கூல்டிடம் காட்டினார். கூல்டு என்ன செய்தார் என்பதுதான் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போதும். சத்தம் போடவில்லை. மறுநாள் தன்னிடமிருந்த தங்கத்தை ரகசியமாக விற்க ஆரம்பித்தார். கூட்டாளி ஃபிஸ்கிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஃபிஸ்க் பாட்டுக்குக் கத்திக்கொண்டு வாங்கித் தள்ளுகிறார், இவர் இந்தப் பக்கம் விற்றுக்கொண்டிருக்கிறார். செப்டம்பர் 24, வெள்ளிக்கிழமை, விலை 162 வரை போனது. வாஷிங்டனிலிருந்து 40 லட்சம் டாலர் தங்கம் விற்கச் சொல்லித் தந்தி வந்த சில நிமிஷங்களில் 130களுக்கு விழுந்தது. தரகர்கள் வரிசையாகத் திவாலானார்கள். விசாரணைக் குழுவிடம் ஃபிஸ்க், அவனவன் பிணத்தை அவனவனே இழுத்துக்கொண்டு போகவேண்டிய நிலை என்று சொன்னார். யாரும் சிறைக்குப் போகவில்லை.

இத்தனைக்கும் பிறகாவது கிராண்ட் வால் ஸ்ட்ரீட் பக்கம் தலைவைக்காமல் இருந்திருக்கவேண்டும். பதவியை விட்டபின் மகன் கூட்டாளியாக இருந்த கிராண்ட் அண்ட் வார்டு என்ற நிறுவனத்தில் கையிலிருந்ததையெல்லாம் போட்டார். ஃபெர்டினாண்ட் வார்டு என்ற இளைஞன் புதிதாக வருகிறவன் பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்கு லாபமாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். 1884 மே 4, ஞாயிற்றுக்கிழமை, ஒரு வங்கி தடுமாறுகிறது, ஒரே ஒரு நாளைக்கு 1,50,000 டாலர் கிடைத்தால் போதும் என்று வந்து நின்றான். கிராண்ட் ஊன்றுகோலோடு வில்லியம் வாண்டர்பில்ட் வீட்டுக்குப் போனார். 100 டாலரில் படகு ஓட்ட ஆரம்பித்து 10 கோடி டாலரை விட்டுப்போன கொர்னீலியஸ் வாண்டர்பில்டின் மகன் இவர். அந்த வங்கியும் உங்கள் நிறுவனமும் எனக்குப் பொருட்டில்லை, உங்களுக்காகத் தருகிறேன் என்கிற தோரணையில் காசோலை எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் எல்லாம் சரிந்தது. கிராண்ட் கையில் மிச்சம் 80 டாலர்.

வாண்டர்பில்ட் கடனை விட்டுவிடத் தயார். கிராண்ட் கேட்கவில்லை. போர் வாள்கள், உலகம் சுற்றியபோது மன்னர்கள் கொடுத்த பரிசுகள், பதக்கங்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். வாண்டர்பில்ட் அவற்றை நாட்டுக்கே கொடுக்க ஏற்பாடு செய்ததால் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதிபர்களுக்கு ஓய்வூதியம் என்று சட்டம் வந்தது 1958இல்தான். தொண்டைப் புற்றுநோயோடு கிராண்ட் தன் வரலாற்றை எழுதி முடித்து 1885 ஜூலையில் இறந்தார். மார்க் ட்வைன் பதிப்பித்த அந்தப் புத்தகம் ஜூலியாவுக்கு நாலு லட்சம் டாலருக்கு மேல் கொண்டுவந்தது. நாடு கொடுக்காததை வாசகர்கள் கொடுத்தார்கள்.

1895 பிப்ரவரியில் நிலைமை முழுசாகத் தலைகீழ். பணத்துக்கு ஈடாகக் கஜானாவில் 10 கோடி டாலர் தங்கம் இருக்கவேண்டும் என்பது வழக்கம். ஆட்கள் காகிதத்தைக் கொடுத்துத் தங்கமாக மாற்றி எடுத்துக்கொண்டே போக, அது கரைந்துகொண்டே வந்தது. வங்கி முதலாளி ஜே. பி. மார்கன் நியூயார்க்கிலிருந்து ரயில் ஏறி வாஷிங்டன் வந்தார். அதிபர் கிளீவ்லாந்து பார்க்க விரும்பவில்லை என்றார்கள். பார்க்காமல் போகமாட்டேன் என்று அறையில் உட்கார்ந்து இரவு வெகுநேரம் தனியாகச் சீட்டாடினார். மறுநாள் காலை உள்ளே விட்டார்கள். பற்ற வைக்காத சுருட்டு ஒன்று கையில். அதிபரும் அமைச்சர்களும் பேசுவதை ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நியூயார்க் கிளையில் 90 லட்சம் டாலர் தங்கம்தான் மிச்சம் என்று தகவல் வந்தது. 1 கோடிக்கு மேல் ஒரு காசோலை இருக்கிறது, அது இன்று வந்தால் மூணு மணிக்குள் எல்லாம் முடிந்தது என்றார் மார்கன். உங்கள் யோசனை என்ன என்று கிளீவ்லாந்து கேட்டார். 1862ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றை வைத்து, நாடாளுமன்றத்திடம் போகாமலே அரசாங்கம் கடன் பத்திரம் கொடுத்துத் தங்கம் வாங்கலாம் என்று வழி காட்டினார். எழுந்தபோது சுருட்டு கையில் நசுங்கித் தூளாகிக் கால்சட்டை முழுக்கச் சிதறிக் கிடந்ததாம்.

6.2 கோடி டாலருக்குச் சற்று மேலான பத்திரங்களை மார்கன் கூட்டம் 104.5 விலையில் வாங்கி, சந்தையில் 112.25க்கு விற்றது. நியூயார்க்கில் அரைமணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் தீர்ந்தது. கஜானா தப்பியது, நிஜம். மார்கன் லாபம் பார்த்தார், அதுவும் நிஜம். எவ்வளவு என்று செனட் குழு கேட்டபோது அதைச் சொல்லமாட்டேன் என்று மறுத்துவிட்டார். என்னைக் கேட்டால் அந்த லாபத்தில் தப்பே இல்லை. 1813இல் ஆஸ்டரும் ஜிரார்டும் பார்க்காத லாபமா? ஆனால் எண்பது வருஷத்துக்குப் பிறகும் ஒரு மைய வங்கியை நிலையாக வைத்துக்கொள்ளாமல், நெருக்கடி வரும்போதெல்லாம் ஒரு தனி மனிதரின் ரயில் பயணத்துக்காகக் காத்திருந்தது யார் தவறு?

அடுத்த வருஷ அதிபர் தேர்தலில் வேட்பாளர் மெக்கின்லிக்காக அவருடைய தேர்தல் வேலையைப் பார்த்த மார்க் ஹன்னா கம்பெனி கம்பெனியாக ஏறி வசூல் பண்ணினார். ஸ்டாண்டர்டு ஆயில் மட்டும் 2,50,000 டாலர் கொடுத்தது. 1902இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மார்கனின் நார்த்தர்ன் செக்யூரிட்டிஸ் ரயில் கம்பெனிமீது வழக்குப்போட்டபோது மார்கனுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நேரில் வந்து, நாங்கள் ஏதாவது தப்புச் செய்திருந்தால் உங்கள் ஆளை என் ஆளிடம் அனுப்புங்கள், பேசிச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்றார். உங்கள் ஆள் என்று அவர் சொன்னது நாட்டின் அட்டர்னி ஜெனரலை. அந்த ஆளான நாக்ஸ் பக்கத்திலேயே இருந்தார், நாங்கள் சரிபண்ண வரவில்லை, நிறுத்த வந்திருக்கிறோம் என்று பதில் சொன்னார். 1904இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அரசாங்கம் பக்கம் தீர்ப்புச் சொல்லிக் கம்பெனியைக் கலைத்தது. கலைத்தார்களே தவிர, பங்குகள் பழைய ரயில்வேக்களின் பங்குகளாகவே பழைய முதலாளிகளிடம் திரும்பிப் போயின, யாருக்கும் காசு நஷ்டமில்லை. அதே ரயில்வேக்கள் 1970இல் சட்டப்படி அனுமதி வாங்கி ஒன்றாக இணைந்தன.